புதுப்பிப்பு: மேசைக்குத் தேக்குப் பலகை கிடைத்தது

சாப்பாட்டு மேசை செய்ய நல்ல தேக்குப் பலகையை சிங்கப்பூரில் யாரிடம் வாங்கலாம் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

மரக்கடைகள் இருக்கும் சுங்கை காடுட் பக்கம் போங்கள், மரத்தின் ஈரத்தை அளக்கும் ஈரப்பதமானியையும் எடுத்துப் போங்கள் என்ற யோசனைதான் கைகொடுத்தது. முதல் கடையில் சூளையில் உலர்த்திய மரம் என்றார்கள். மானியின் ஊசியை மரத்தில் குத்தினால் 19% ஈரம் காட்டியது. ஏர்கான் அறையில் அது சுருங்கி வளைந்துவிடும். அடுத்த கடைக்காரர் தாமே பலகையின் முனையை அறுத்து, புது வெட்டில் குத்திப் பார்க்கச் சொன்னார். 11%. அங்கேயே வாங்கிவிட்டேன்.

எதிர்பாராதது விலைக் கணக்கு. இழைப்பதற்கு முன் இருக்கும் கனத்துக்குத்தான் காசு, இழைப்புக் கூலி தனி. அப்புறம், வீவக வீடு (அரசு அடுக்குமாடி வீடு) என்றால் மின்தூக்கியை அளந்துகொண்டு போங்கள். அதற்கேற்ற நீளத்தில் அங்கேயே அறுத்துத் தருகிறார்கள்.