'கிராபிக் டிசைனர் தேவை' என்கிறார்கள், உள்ளே போனால் ரீல்ஸ் கேட்கிறார்கள். எதை முதலில் கற்பது?

ஆடி18ஆல்பம்:
வணக்கம். 2009 முதல் சிவகாசியில் டிசைன் வேலை. காலண்டர், பட்டாசுப் பெட்டி லேபிள், கல்யாணப் பத்திரிகை. கோரல்டிராவும் போட்டோஷாப்பும் எனக்குத் தண்ணிபட்ட பாடு. ஆடிப்பெருக்குக்குள் காலண்டர் மாடல்களைக் காட்டும் ஆல்பம் வெளிவர வேண்டும் என்பதால் ராப்பகலாக உட்கார்ந்து பழகியவன். நாலு கலரும் சேர்ந்து மை 300 சதவீதத்தைத் தாண்டினால் காயாமல் அடுத்த தாளின் முதுகில் ஒட்டும் என்று மெஷின்காரர் கத்துவதற்கு முன்பே சொல்லிவிடுவேன்.

மகள் படிப்புக்காகக் கோவைக்கு வந்துவிட்டோம். வேலை தேடிப் போகும் இடமெல்லாம் ஒரே பாட்டு: "அண்ணா, ஃபிக்மா தெரியுமா? அனிமேஷனுக்கு ஆஃப்டர் எஃபெக்ட்ஸ்? ஏஐ-யில் படம் போடுவீங்களா?" கடைசியாகப் போன இடத்தில் டெஸ்ட் வைத்தார்கள். நகைக்கடைக்கு ஒரு போஸ்ட், முப்பது வினாடி ரீல், அதற்குக் கேப்ஷனும் நானே எழுத வேண்டும். சம்பளம் 22,000. எடிட்டர், எழுத்தாளர், டிசைனர் எல்லாம் ஒரே நாற்காலியில்! என் ஆல்பத்தை மூன்று பக்கம் புரட்டிவிட்டு, "இதெல்லாம் கேன்வாவில் டெம்ப்ளேட்டாவே கிடைக்குதே" என்றான் அந்தத் தம்பி. மகாலட்சுமி முகத்தில் மஞ்சள் சிவப்பாக ஏறாமல் இருக்க எவ்வளவு மெனக்கெட வேண்டும் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? சரி, அது போகட்டும்.

வயது 40. எல்லாவற்றையும் கற்க நேரமில்லை. எதிலிருந்து தொடங்கலாம்?

ஆளெடுப்பவன்_சென்னை:
ஏஜென்சியில் டிசைனர்களைத் தேர்ந்தெடுப்பது என் வேலை. அந்தப் பட்டியலைப் பார்த்துப் பயப்படாதீர்கள். பழைய விளம்பரங்களை வெட்டி ஒட்டித்தான் எச்ஆர் எழுதுகிறது. ஆனால் ரீல் நிஜம். 2020 ஜூன் கடைசியில் டிக்டாக் தடை, ஜூலையில் இங்கே இன்ஸ்டா ரீல்ஸ். அதிலிருந்து எங்களிடம் போஸ்டர் மட்டும் போதும் என்று வரும் கிளையன்ட் அபூர்வம். 2023-ல் போட்டோஷாப்பிலேயே ஜெனரேட்டிவ் ஃபில் (சொன்னதை ஏஐ-யே வரைந்து நிரப்பும் வசதி) வந்ததும் பேக்ரவுண்ட் மாற்ற நாங்கள் தனி ஆள் வைப்பதில்லை.

நான் பார்ப்பது ஒன்றுதான். ஒரே டிசைனை 1080×1350 பிக்சல் போஸ்டாக, 1080×1920 ரீலாக, ஹோர்டிங்காக மாற்றச் சொல்வேன். எதை விடுகிறார், எதைப் பெரிதாக்குகிறார், ரீலின் அடியில் பேரும் கேப்ஷனும் வந்து மறைக்கும் இடத்தில் விலையைப் போடாமல் இருக்கிறாரா? அதில் ஆள் தெரிந்துவிடும். ஃபிக்மா, ஆப்பும் வெப்சைட்டும் செய்யும் இடத்துக்கு. நகைக்கடைக்கு எதற்கு?

மதுரை_ஃப்ரீலான்ஸ்:
அண்ணா, உங்கள் சரக்கு தமிழ் எழுத்து. ஏஐ போடும் படங்களில் எனக்குத் தமிழ் ஒழுங்காக வருவது அரிது. 'கொ' என்றால் கொம்பு எங்கோ, கால் எங்கோ பிய்ந்து நிற்கும். அதைப் பார்த்ததும் கண்டுபிடிக்கும் ஆள் அந்த ஆபீஸ்களில் எத்தனை பேர்? முதலில் பாமினி என்ற பழைய ஃபான்டை விட்டு, எல்லா இடத்திலும் தமிழாகவே தெரியும் யூனிகோடுக்கு வாருங்கள். பழைய ஃபைலிலிருந்து எடுத்து வேறு சாஃப்ட்வேரில் ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் விழும். பக்கம் அமைக்கும் இன்டிசைனில், தமிழ் எழுத்தைச் சரியாகச் சேர்க்கும் வேர்ல்ட் ரெடி கம்போசர் செட்டிங்கைப் போடுங்கள். வீடியோ எடிட் செய்யும் பிரீமியரிலும் கிராபிக்ஸ் செட்டிங்கில் தெற்காசிய மொழிக்கு மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் சப்டைட்டில் உடையும்.

பழைய_டிடிபி:
சும்மா டெஸ்ட் செய்து கொடுக்காதீர்கள். எனக்கு வேலையும் கிடைக்கவில்லை, நான் செய்த போஸ்ட் மட்டும் தீபாவளிக்கு அந்தக் கடையின் பக்கத்தில் ஜம்மென்று ஓடியது. சின்ன சைஸில், மேலே பேரைக் குறுக்காகப் போட்டு அனுப்புங்கள். ஒரிஜினல் ஃபைல் கேட்டால், அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லிவிடுங்கள்.

ஆடி18ஆல்பம்:
நன்றி எல்லோருக்கும். அப்போ ஃபிக்மாவும் ஆஃப்டர் எஃபெக்ட்ஸும் இப்போதைக்கு வேண்டாம். என் பட்டாசு லேபிள் ஒன்றையே மூன்று சைஸில் மாற்றிப் போர்ட்ஃபோலியோவில் வைக்கிறேன். தங்கச்சி, பிரீமியருக்கு 8 ஜிபி ராம் போதுமா?

மதுரை_ஃப்ரீலான்ஸ்:
திறக்கும், ஆனால் முக்கும். 16 போட்டுக்கொள்ளுங்கள். அதுவரை போனிலேயே வீடியோ வெட்டிப் பழகுங்கள் அண்ணா, எதில் வெட்டினீர்கள் என்று யாரும் கேட்கப் போவதில்லை.