கடைசி ஜம்போவும் போய்விட்டது: எங்கள் குடும்பக் குழுவில் பேசியது

2024 ஏப்ரல் 22, திங்கள்

கார்த்திக்: பெரியப்பா, ஏர் இந்தியாவின் கடைசி ஜம்போ, அந்த போயிங் 747, இன்று காலை மும்பையிலிருந்து அமெரிக்காவில் வாங்கினவர்களிடம் கிளம்பிவிட்டது. வீடியோ போட்டிருக்கிறேன், பாருங்கள். மேலே ஏறும்போது இறக்கையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துவிட்டுப் போகிறது.

பெரியப்பா: பார்த்தேன்பா. திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஆக்ரா என்று பேர் அதற்கு. தொண்ணூறுகளில் புத்தம் புதிதாக ஹேங்கருக்குள், அதாவது விமானக் கொட்டகைக்குள், வந்து நின்றது.

அத்தை: வாங்கினவர்கள் அங்கே ஓட்டுவார்களா அண்ணா?

பெரியப்பா: இல்லைம்மா. பாகம் பாகமாகப் பிரிக்கத்தான் போகிறது.

கவிதா: அச்சோ! ஒன்றையாவது மியூசியத்தில் வைத்திருக்கலாமே.

பெரியப்பா: வைத்திருக்க வேண்டும். அந்த ஆசை எனக்கும் உண்டு. ஆனால் பிரிப்பதைக் கேவலமாக நினைக்காதே கவிதா. 2023 ஜனவரியில் போயிங் கடைசி 747-ஐ ஒப்படைத்துவிட்டது. மொத்தம் 1574 விமானங்கள், இனிமேல் புதிதாக வராது. சரக்கு ஏற்றுகிற ஜம்போக்கள் இன்னும் நிறையப் பறக்கின்றன. அவற்றுக்கு இன்ஜின் வேண்டும், லேண்டிங் கியர் என்கிற சக்கர அமைப்பு வேண்டும். ஆக்ராவின் பாகங்களைச் சோதித்து, சான்றிதழ் கொடுத்து, அவற்றில் மாட்டுவார்கள்.

கார்த்திக்: நன்றாகத்தானே பறந்துகொண்டிருந்தது? ஏன் நிறுத்தினார்கள்?

பெரியப்பா: நாலு இன்ஜின். அவ்வளவுதான் விஷயம். அந்தக் காலத்தில் இரண்டு இன்ஜின் விமானம், ஏதாவது ஒரு விமான நிலையத்துக்கு ஒரு மணி நேரத் தூரத்துக்குள்தான் பறக்க வேண்டும். பெருங்கடலைத் தாண்ட மூன்று, நாலு இன்ஜின் வேண்டியிருந்தது. 1985-இல் அதை 120 நிமிடமாக்கினார்கள், 1988-இல் 180. ஒரு இன்ஜின் நின்றாலும் மற்றொன்றை நம்பி அவ்வளவு நேரம் போகலாம் என்கிற அளவுக்கு இன்ஜின்கள் தேறிவிட்டன. அப்புறம் இரண்டே இன்ஜினோடு போயிங் 777 வந்தது. ஜம்போ மணிக்குப் பத்து டன் போல எரிபொருள் குடிக்கும். 777 அதைவிட எவ்வளவோ குறைவு. பராமரிப்பிலும் நாலுக்கு இரண்டு இன்ஜின் பார்த்தால் போதும். கொரோனாவில் பயணிகளும் இல்லை. பிரிட்டிஷ் ஏர்வேஸ் 2020 ஜூலையில் 31 ஜம்போவை ஒரே அறிவிப்பில் நிறுத்தியது. ஆஸ்திரேலியாவின் குவான்டாஸும் அதே மாதம்தான். நம் ஏர் இந்தியா ஜம்போ 2021 மார்ச்சோடு பயணிகளை ஏற்றுவதை விட்டது.

அத்தை: ஜன்னலைச் சுற்றி அரண்மனை மாதிரி வளைவு வரைந்திருப்பார்களே, அது எனக்கு அவ்வளவு பிடிக்கும். ராஜாக்கள் பேரெல்லாம் வைத்திருந்தார்களே அண்ணா?

பெரியப்பா: ஆமாம்மா. 1971-இல் வந்த முதல் ஜம்போ அசோகச் சக்கரவர்த்தி. நம் ராஜேந்திர சோழன் பேரில் ஒன்று, மகேந்திரவர்மன் பேரில் ஒன்று. கடல் கடந்த சோழன் பேரை மூக்கில் எழுதிக்கொண்டு அது லண்டனுக்குப் போகும் என்று நினைத்தாலே பெருமையாக இருக்கும்.

கவிதா: ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானமும் ஜம்போதானே பெரியப்பா?

பெரியப்பா: ஆமாம். 1985 ஜூன் 23. அயர்லாந்துக்குப் பக்கத்தில், குண்டு வெடித்து. 329 பேர், ஒருவரும் பிழைக்கவில்லை.

பெரியப்பா: அசோகாவும் 1978 புத்தாண்டு அன்று மும்பை பாந்த்ரா பக்கத்துக் கடலில் விழுந்தது. 213 பேர். ஜம்போவைப் பற்றிப் பேசினால் அவர்களையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

அத்தை: 🙏🙏

கார்த்திக்: 2020-இல் கொரோனா பரவிய சீனாவின் ஊகானிலிருந்து நம் மாணவர்களைக் கூட்டி வந்ததும் ஜம்போதான்.

பெரியப்பா: முதல் நடையில் 324 பேர். எல்லோரும் பயந்த நேரத்தில் அந்த ஊருக்குப் போன விமானிகளையும் பணிப்பெண்களையும் நான் மறக்க மாட்டேன். அவ்வளவு பேரை ஒரே நடையில் ஏற்றிவர அந்தப் பெரிய வயிறு உதவியது.

கவிதா: இனிமேல் ஜம்போவில் ஏறவே முடியாதா? ஆகஸ்டில் ஃபிராங்க்ஃபர்ட் வழியாக சிகாகோ போகிறேன்.

பெரியப்பா: முடியும்மா! ஜெர்மனியின் லுஃப்தான்சா இன்னும் ஜம்போவில் பயணிகளை ஏற்றுகிறது. டிக்கெட் எடுக்கும் முன் விமான வகை பார், 747-400 அல்லது 747-8 என்று இருக்க வேண்டும். மேல்தளம் பிசினஸ் கிளாஸ், விலை அதிகம். கீழேயே எடு, ஆனால் இறக்கைக்குப் பின்னால் ஜன்னல் சீட். இறங்கும்போது இறக்கையின் பின்பக்கம் மடல் மடலாக விரியும், தூங்கிவிடாதே.

கவிதா: சரி பெரியப்பா. வீடியோ எடுத்து அனுப்புகிறேன்.