மெச்சூரிட்டி மாடல் மதிப்பீடு: ஜாப் ஒர்க் யூனிட்டுக்கு உருப்படியா ஏதாவது கிடைக்குமா?

டர்னிங்_ஓசூர்
ஓசூர் சிப்காட் பக்கம் சின்ன யூனிட். 12 சிஎன்சி லேத், 4 விஎம்சி (மில்லிங் மெஷின்), ரெண்டு ஷிப்ட். சப்ளையர் எல்லாரும் டிஜிட்டல் மெச்சூரிட்டி மதிப்பீடு (ஆலை டிஜிட்டல்ல எந்த அளவு முன்னேறியிருக்குன்னு மார்க் போடுறது) அனுப்பணும்னு கஸ்டமர் கேட்கிறாங்க. கன்சல்டன்ட் வந்து பார்த்துட்டு, "நீங்க இப்ப 1.4, ரெண்டு வருஷத்துல 3-க்குப் போயிடலாம்"ங்கிறார். எங்க தலைவலி அடுத்த பார்ட்டுக்கு மெஷின் செட்டிங் மாத்துற நேரமும் டிஸ்பாட்ச் தள்ளிப்போறதும்தான். அதுக்கு இதுல வழி இருக்கா, இல்ல சுவத்துல மாட்ட ஒரு சர்டிபிகேட்தானா?

ஆலை_கணக்கு
முதல்ல, 1.4 எந்த அளவுகோல்ல? ஜெர்மனியின் பொறியியல் அகாடமியான அகாடெக் 2017-ல் வெளியிட்ட மாடல் 6 கட்டம், 1-ல தொடங்கும். சிங்கப்பூரின் சிரி (ஸ்மார்ட் இண்டஸ்ட்ரி ரெடினஸ் இண்டெக்ஸ்) 16 அம்சம், ஒவ்வொண்ணும் 0 முதல் 5. இதுல வர்ற 2-ம் அதுல வர்ற 2-ம் ஒண்ணு இல்ல. கஸ்டமர் எந்த மாடல் கேட்கிறார், அதுல எந்த வரியை (அம்சத்தை) பார்க்கிறார்னு எழுத்துல வாங்குங்க.

அடுத்தது, சராசரியைத் தூக்கிப் போடுங்க. ஆட்டோமேஷன் 4, ஷாப் ஃப்ளோர் (மெஷின் ஓடுற தளம்) இணைப்பு 0-ன்னா சராசரி 2. ரெண்டும் 2-ன்னாலும் சராசரி 2. செய்ய வேண்டிய வேலையோ முற்றிலும் வேற.

மாடலோட உபயோகம் மார்க் போடுறதுல இல்ல, கேள்வித்தாளா இருக்கிறதுலதான். உங்க பிரச்சினைக்கு சிரியோட 16-ல் 4 வரி போதும்: ஷாப் ஃப்ளோர் இணைப்பு, ஷாப் ஃப்ளோர் நுண்ணறிவு, மெஷின் முதல் ஆபீஸ் வரையான தகவல் ஓட்டம், ஆள் பயிற்சி. இதை முதலாளி மட்டும் நிரப்பினா எல்லாம் ஒரு படி மேலதான் விழும். ஆபரேட்டர், செட்டர், ஸ்டோர், கணக்குப் பிரிவு நாலு பேரும் தனித்தனியா நிரப்பட்டும். ஒவ்வொரு மார்க்குக்கும் ஆதாரம் வேணும்: ஜாப் கார்டு, ஸ்கிரீன், பதிவேடு ஏதாவது ஒண்ணு. ஒரே வரிக்கு ஒருத்தர் 1, இன்னொருத்தர் 3 போட்டிருந்தா அங்கதான் ஓட்டை. பெரும்பாலும் ஈஆர்பி சாஃப்ட்வேர்ல ஒரு ஸ்டாக், ரேக்ல வேற ஸ்டாக்.

பச்சை_விளக்கு
மேலே சொன்னது சரி. ஆனா மாடல் "இணைப்பு குறைவு"ன்னு சொல்லுமே தவிர, ஷிப்ட்ல எத்தனை நிமிஷம் போகுதுன்னு சொல்லாது. அதை நீங்கதான் அளக்கணும்.

480 நிமிஷ ஷிப்ட்ல சாப்பாடு, டீ 30 போக 450. மெஷின் நின்னது 90. ஓடினது 360, அதாவது 80%. சைக்கிள் 3 நிமிஷம், வந்தது 108 பீஸ்: 324 / 360 = 90%. ரிஜெக்ஷன் 3 போக நல்லது 105: 97.2%. மூணையும் பெருக்கினா 70%, இதுதான் மெஷினோட மொத்தச் செயல்திறன் (ஓஇஇ). சரிபார்க்க, 105 x 3 = 315, அதை 450-ஆல வகுத்தாலும் அதே 70. அந்த 90-ல் செட்டிங் 70-ன்னு வைங்க. டூலை வெளியிலேயே பிரீசெட் பண்ணி (அளவை முன்னாடியே எடுத்து வெச்சு), பீஸைப் பிடிக்கிற சாஃப்ட் ஜாவை முன்கூட்டியே தயாரா வெச்சு 40-க்கு இறக்கினா, ஷிப்ட்டுக்குச் சுமார் 9 பீஸ் கூடும். இதுக்கு சாஃப்ட்வேரே வேண்டாம்.

தானா அளக்கணும்னா: ஈதர்நெட் உள்ள ஃபானக் கன்ட்ரோலர்ல அவங்களோட தரவு எடுக்கிற சாஃப்ட்வேர் இணைப்பான ஃபோகாஸ் வழியா எடுக்கலாம். பழைய மெஷின்ல டவர் லாம்ப்போட (மெஷின் நிலையைக் காட்டுற கலர் விளக்கு) 24 வோல்ட் சிக்னலை, ரெண்டு சர்க்யூட்டையும் மின்சாரத்துல பிரிச்சு வைக்கிற ஆப்டோகப்ளர் வழியா எடுங்க, நேரா இழுத்துடாதீங்க. எந்த நிலைக்கு எந்த விளக்கு எரியும்னு மெஷினுக்கு மெஷின் மாறும். அதைச் சோதிக்காம ஒயர் பண்ணினா, பீஸ் மாத்த நிக்கிற நேரமும் ஓட்டத்துல சேர்ந்துடும். நின்ன காரணத்துக்கு 8 குறியீட்டுக்கு மேல வைக்காதீங்க. 30 வெச்சா ஆபரேட்டர் எல்லாத்துக்கும் "மற்றவை"யை அமுக்கிட்டுப் போயிடுவார், அவரைக் குத்தம் சொல்லவும் முடியாது.

கூழ்_லைன்_கிருஷ்ணகிரி
எல்லா வரியிலும் 3 வாங்கணும்கிற கணக்கே தப்பு. மாங்கூழ் ஆலையை எடுங்க. தோத்தாபுரி வரத்து பெரும்பாலும் மே முதல் ஜூலை வரைதான். மீதி மாசம் சும்மா கிடக்கிற பல்ப்பருக்குப் பழுதை முன்கூட்டியே கணிக்கிற சிஸ்டம் எதுக்கு? சீசனுக்கு முன்னாடி பேரிங், சீல் மாத்தினாலே போதும். ஆனா 215 கிலோ அசெப்டிக் (கிருமியில்லாம அடைச்ச) டிரம் ஒவ்வொண்ணையும் பழம் வந்த லாட்டோடயும் ஸ்டெரிலைசர் வெப்பநிலைப் பதிவோடயும் சேர்க்கிற வரியில உயர்ந்த மார்க் வேணும். ஏற்றுமதிக்குப் போன ஒரு லாட்டுல புகார் வந்தா, அந்தப் பதிவு இல்லாதவர் முழு சரக்கையும் சந்தேகத்துல வைக்கணும். ஒரு வரியில 4, மத்ததுல 1. அதுல தப்பே இல்ல.

டர்னிங்_ஓசூர்
நன்றி சார். எங்ககிட்ட மத்திய அரசோட ஜெட் (ZED) பிரான்ஸ் சான்றிதழ் இருக்கு, அதையே காட்டிட்டா? அப்புறம், 6-ம் கட்டம்லாம் எங்களுக்குத் தேவையா?

ஆலை_கணக்கு
ஜெட் வேற. அது தரம், கழிவு, சுற்றுச்சூழல் பார்க்கிற சான்றிதழ், டிஜிட்டல் மதிப்பீட்டுக்கு ஈடாகாது.

அகாடெக்ல 3-ம் கட்டம் "என்ன நடக்குது", 4 "ஏன் நடக்குது", 5 "இனி என்ன நடக்கும்", 6 தானே திருத்திக்கிறது. உங்களுக்கு 3, 4 போதும். கணிப்புக்கு ஒரே பார்ட் திரும்பத் திரும்ப ஓடின தரவு வேணும். வாரத்துக்கு ஒரு டிராயிங் மாறுற ஜாப் ஒர்க்ல அது சேராது.

கன்சல்டன்ட்கிட்ட 3-க்குப் போற பிளானை வாங்காதீங்க. ஒவ்வொரு வரிக்கும் ஆதாரத் தாள், அப்புறம் மூணே மூணு வேலை, ஒவ்வொண்ணுக்கும் செலவும் மிச்சமாகிற நிமிஷமும் போட்டுத் தரச் சொல்லுங்க. நிமிஷக் கணக்கு தர முடியாதுன்னா, அந்தக் காசுக்கு பிரீசெட்டர் வாங்கிடலாம்.