தேய்ந்த வெள்ளி ரூபாய்களுக்கு நியாய விலை என்ன?

சங்கானையில் ஒரு மூதாட்டி, தன் தாயார் கொட்டைப்பெட்டியில் (பனையோலையால் பின்னிய சிறு பெட்டி) வைத்திருந்த 19 பிரித்தானிய இந்திய ஒரு ரூபாய் நாணயங்களை எனக்கு விற்க விரும்புகிறார். அவருக்குக் குறைவாகக் கொடுத்துவிடக் கூடாது என்பதால் மூன்று வாரங்களாகத் தடுமாறுகிறேன்.

பன்னிரண்டு நாணயங்கள் 1912 முதல் 1920 வரையானவை, 91.7 வீதம் வெள்ளி. ஏழு 1940க்குப் பிந்தியவை, அவற்றின் எடையில் பாதிதான் வெள்ளி. 11.66 கிராம் இருக்கவேண்டிய பழையவை மின்தராசில் 11.3 முதல் 11.5 வரையே நிற்கின்றன. அரசரின் முடியிலுள்ள மணிகள் விரலுக்குத் தட்டுப்படாத அளவுக்குத் தேய்ந்துவிட்டன. காந்தம் ஒட்டவில்லை. யாழ்ப்பாண நகைக்கடைகளில் உருக்கி எடுப்பதற்கான விலையாக இரு வகைக்கும் ஒரே விலைதான் சொன்னார்கள், அது எனக்குச் சரியாகப் படவில்லை. இணையத்தில் கிடைப்பவையோ புதுக்கருக்குக் குலையாதவற்றின் விலைகள்.

தூய வெள்ளியின் அன்றைய பெறுமதிக்கு மேல், இவ்வளவு தேய்ந்த நாணயங்களுக்கு எத்தனை வீதம் கூட்டிக் கொடுப்பது நியாயம்?