வொலியூம் சார்ட்டுக்கு ‘அளவுவழி வரைபு’

வணக்கம். நம் கையேட்டுக்காக வொலியூம் சார்ட்டுக்கு, அதாவது கைமாறிய அளவை வைத்துப் பிரிக்கும் விலை வரைபுக்கு, தமிழ்ப் பெயர் தேடிக்கொண்டிருக்கிறோம். அதைக் ‘கனவளவு வரைபு’ என்று எழுதலாம் என்ற பண்டாரவளை அண்ணாவின் யோசனையை என்னால் ஏற்க முடியவில்லை. கனவளவு நம் பாடசாலைக் கணிதத்தில் உருளைக்கும் கூம்புக்கும் உரிய சொல். ‘புரள்வு வரைபு’ அதைவிடப் பரவாயில்லை, ஆனால் கொழும்புப் பங்குச் சந்தைச் செய்திகளில் புரள்வு என்றால் ரூபாய்ப் பெறுமதி, இங்கே எண்ணுவதோ எத்தனை ஃபியூச்சர்ஸ் ஒப்பந்தங்கள் (பின்னொரு தேதிக்கு இன்றே விலை பேசும் ஒப்பந்தங்கள்) கைமாறின என்பதை.

ஐந்து நிமிட சார்ட்டில் கேண்டிலை (தொடக்க, முடிவு, உச்ச, தாழ் விலைகளைக் காட்டும் பட்டையை) முடித்து வைப்பது கடிகாரம், வியாபாரம் நடந்தாலும் சரி நடக்காவிட்டாலும் சரி. வொலியூம் சார்ட்டில் நாம் குறித்த அளவு, 2000 ஒப்பந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள், அது கைமாறினால்தான் கேண்டில் முடியும். மணி பார்த்துக் கொழுந்து நிறுப்பதற்கும் சாக்கு நிறைந்ததும் நிறுப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான்.

நம் மலைநாட்டிலிருந்து சந்தை பார்ப்பவர்களுக்கு இது பெரிய விஷயம். சிகாகோவின் ஈ-மினி எஸ் அண்ட் பி 500, அதாவது அமெரிக்கப் பெரிய நிறுவனப் பங்குகளின் குறியீட்டை வைத்த ஃபியூச்சர்ஸ் ஒப்பந்தம், வார நாட்களில் ஏறத்தாழ 23 மணி நேரம் ஓடுகிறது. ஹட்டனில் காலை ஒன்பது என்றால் நியூயார்க்கில் நடுநிசியை ஒட்டிய நேரம், வியாபாரம் மந்தம், ஆனாலும் ஐந்து நிமிடத்துக்கு ஒன்றாகக் குட்டிக் கேண்டில்கள் வரிசை கட்டிக்கொண்டே இருக்கும், அதில் சராசரிக் கோடு போட்டுப் பணத்தை இறக்கும் பிள்ளைகளை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. அப்புறம் இரவு ஏழு மணிக்கு, அங்கே குளிர்காலமானால் எட்டுக்கு, நியூயார்க் பங்குச் சந்தை திறந்ததும் அவ்வளவு பரபரப்பும் ஒரே நெடிய கேண்டிலுக்குள் அமுங்கிப்போகிறது. அளவை வைத்துப் பிரித்தால் காலை மந்தம் சில கேண்டில்களில் அடங்கிவிடும், இரவின் ஏற்ற இறக்கம் பல கேண்டில்களாக விரியும்.

அதற்காக நேரத்தைத் தூக்கிப் போட முடியாது. அமெரிக்கப் பணவீக்கக் கணக்கு நியூயார்க் நேரம் காலை 8.30க்கு வரும், அந்தக் கணத்தைச் சுற்றி நடப்பதைப் பார்க்க நேர சார்ட்தான் வசதி. மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் மாதங்களில் பழைய ஒப்பந்தம் காலாவதியாவதால் வியாபாரம் அடுத்த ஒப்பந்தத்துக்கு நகரும்போது, பழையதன் வொலியூம் சார்ட்டில் ஒரு கேண்டில் முடிய வெகுநேரம் எடுக்கும், அதையும் கவனிக்க வேண்டும்.

ஆகவே கேண்டிலை முடித்து வைப்பது எதுவோ அது பெயரில் வரட்டும்: நேரவழி வரைபு, அளவுவழி வரைபு. ‘மொழிவழி’ என்று பழகிய காதுக்கு இது உறுத்தாது. குறித்த எண்ணிக்கைப் பேரங்கள் நடந்ததும் கேண்டிலை முடிக்கும் டிக் சார்ட்டுக்குப் ‘பேரவழி வரைபு’ என்கிறேன், அங்கே எண்ணுவது பேரங்களை, ஒரு பேரத்தில் ஒரு ஒப்பந்தமும் இருக்கலாம் நூறும் இருக்கலாம். அதனால்தான் ‘எண்ணிக்கை வரைபு’ சரிவராது, இரண்டையும் குழப்பிவிடும். ‘கைமாற்று வரைபு’ கேட்ட தம்பிக்கு: கைமாற்று என்றதும் கடன்தான் எல்லாருக்கும் ஞாபகம் வரும், வேண்டாம்.

தமிழகத்து நண்பர்கள் வரைபு என்பதை வரைபடம் என்று எழுதினாலும் பரவாயில்லை, முன்னால் உள்ள ‘அளவுவழி’ மாறாமல் இருந்தால் போதும். ஆட்சேபம் இருந்தால் இந்தக் கிழமைக்குள் சொல்லுங்கள், பிறகு கையேட்டில் இந்தச் சொற்களையே போட்டுத் திருத்திவிடுகிறேன்.