1.6 லட்சம் கிலோமீட்டர் ஓடிய மஹிந்திரா தார் ஃபோர் பை ஃபோர் ஜீப்: முதலில் எதைத் திறந்து பார்ப்பது?

ஏலத்தோட்டம்:
வீடு போடியில், சாந்தன்பாறைப் பக்கம் கொஞ்சம் ஏலத்தோட்டம். தோட்டத்துக்கு ஏற வாடகை ஜீப்பை நம்பியே காலம் ஓடிவிட்டது. போன வாரம் 2013 மாடல் மஹிந்திரா தார், சி.ஆர்.டி.இ. டீசல் இன்ஜின், ஃபோர் பை ஃபோர் (நாலு சக்கரமும் இழுப்பது) வாங்கிவிட்டேன். மீட்டரில் 1,63,000 கிலோமீட்டர். விற்றவர் கொடுத்த பில்கள் எல்லாமே இன்ஜின் ஆயில் மாற்றியதற்கானவை. வேறு ஒரு துண்டுச் சீட்டும் இல்லை.

இன்ஜின் நன்றாக இழுக்கிறது, புகை இல்லை. ஆனால் நின்று கிளம்பும்போது அடியில் "டொக்" என்று ஒரு சத்தம். போடிமெட்டில் மழை பெய்ததால் 4எச் (நாலு சக்கரமும் இழுக்கும் நிலை) போட்டு ஏறினேன். மேலே போனதும் லிவர் 2எச்சுக்கு (பின் சக்கரம் மட்டும் இழுக்கும் நிலை) வரவே மாட்டேன் என்றது. கையில் நாற்பதாயிரம் இருக்கிறது. மச்சான் அதில் முன்பக்க பம்பரும் லைட்டும் போடச் சொல்கிறான். நீங்கள் சொல்லுங்கள், எதில் ஆரம்பிப்பது?

சின்னமனூர்க்காரன்:
பம்பரை மச்சான் காசில் போடச் சொல்லுங்கள்.

மீட்டரை அப்படியே நம்பாதீர்கள். சேஸ் நம்பரைக் கொடுத்தால் கம்பெனி சர்வீஸ் சென்டரில் பழைய சர்வீஸ் பதிவு இருந்தால் பார்த்துச் சொல்வார்கள். கிளட்ச், பிரேக் பெடல் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்திருந்தால் அந்த மீட்டர் பாதிக் கதைதான் சொல்கிறது. டயர் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். 2316 என்றால் 2016இல் 23ஆவது வாரம் செய்தது. பட்டன் ஆழமாக இருந்தாலும் அவ்வளவு பழைய டயரோடு மலை ஏற வேண்டாம்.

கம்பம் பட்டறை:
தம்பி, மீட்டர் ஒரு லட்சமோ இரண்டு லட்சமோ, அதை விடு. ஃபோர் வீல் வண்டியில் ஆயில் இருக்கிற இடம் ஐந்து: இன்ஜின், கியர்பாக்ஸ், இழுவையை முன்னும் பின்னும் பிரித்துவிடும் டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் கிரவுன், பின் கிரவுன் (ஆக்சில் நடுவில் இருக்கும் பல்சக்கரப் பெட்டி). பட்டறைக்கு வரும் பழைய வண்டிகளில் முதலாவதை மட்டும் எல்லோரும் மாற்றியிருப்பார்கள். மற்ற நாலும் சிலவற்றில் ஷோரூமில் ஊற்றிய ஆயிலாகவே இருக்கும். உன் பில்லும் அதைத்தான் சொல்கிறது.

ஒவ்வொன்றிலும் ஆயில் ஊற்றுகிற போல்ட்டை முதலில் கழற்று. வடிக்கிற போல்ட் அதற்கு அப்புறம். ஊற்றுகிற போல்ட் துருப்பிடித்துக் கழலவில்லை என்றால், உள்ளே இருந்ததையும் வடித்துவிட்டு நடு ரோட்டில் நிற்பாய். காந்தம் வைத்த போல்ட்டில் சாம்பல் நிறத்தில் மை போல ஒட்டியிருந்தால் சாதாரணத் தேய்மானம். விரலில் தேய்த்தால் குத்துகிற துகளோ, பல் உடைந்த துண்டோ வந்தால் அந்தப் பெட்டியைப் பிரித்தே ஆக வேண்டும். ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது.

தண்ணீர் எப்படிப் போகும் என்று கேட்பாய். ஓடிச் சூடான ஆக்சிலை (கிரவுன் இருக்கும் அச்சுக்கூடு) ஓடையில் இறக்கினால் உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்கும். ஆக்சில் மேலே இருக்கும் காற்றுக்குழாய் சேற்றில் அடைத்திருந்தால் காற்றுக்கு வேறு வழி இல்லை, ஆயில் சீல் வழியாகத் தண்ணீரையே உறிஞ்சிக்கொள்ளும். அந்தக் குழாயைச் சுத்தம் செய்து, நீளமாக ஒரு ஹோஸ் மாட்டி மேலே கொண்டுபோய்க் கட்டு. செலவு சொற்பம், சீல் தப்பிக்கும்.

எந்த ஆயில் என்பதை வண்டிப் புத்தகத்தைப் பார்த்து வாங்கு. ஜி.எல்-5 என்கிற ரக கியர் ஆயில் கிரவுனுக்கு நல்லதுதான். அதையே எல்லா கியர்பாக்ஸிலும் ஊற்றினால், பித்தளை சிங்க்ரோ வளையம் (கியர் சத்தமில்லாமல் விழ உதவுவது) உள்ளவற்றில் அதை அரிக்கக்கூடும். டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் தனியாகப் பார். மிச்சம் இருக்கிறதே என்று கிரவுன் ஆயிலை அதில் ஊற்றுகிறவர்கள் உண்டு.

டொக் சத்தம் அனேகமாக ஷாஃப்ட் கிராஸ், அதாவது கிரவுனுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டின் மூட்டு. வண்டியை நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து, நியூட்ரலில் ஷாஃப்டைக் கையால் திருகிப் பார். கிராஸில் ஆட்டம் தெரிந்தால் மாற்று. ஆட்டம் இல்லை என்றால் கிரீஸ் கன் பிடித்து, நாலு முனையிலும் பழைய கிரீஸ் வெளியே வரும்வரை அடி. ஷாஃப்ட் நீண்டு சுருங்குகிற சிலிப் ஜாயிண்டையும் விடாதே, அது காய்ந்தாலும் இதே சத்தம்தான்.

லிவர் விஷயத்துக்கு ஒரு கேள்வி: நாலு டயரும் ஒரே சைஸா?

ஏலத்தோட்டம்:
அண்ணே, இன்று தெரிந்த பட்டறையில் பிட்டில் (அடியில் நின்று பார்க்கும் குழி) ஏற்றினேன். நீங்கள் சொன்ன டீ நிறம்தான், முன் கிரவுனில். பின் கிரவுன் ஆயில் கறுப்பாக இருந்தது, ஆனால் துகள் இல்லை. பின் ஷாஃப்ட் கிராஸ் ஒன்று ஆடுகிறது.

டயரைப் பற்றிக் கேட்டீர்களே, எனக்கே இப்போதுதான் கண்ணில் பட்டது. முன்னால் 235/70 ஆர் 16, பின்னால் 245/75 ஆர் 16.

கம்பம் பட்டறை:
அதுதான் லிவரைப் பிடித்திருக்கிறது. அந்த இரண்டு சைஸுக்கும் விட்டத்தில் ஏறக்குறைய நாலு சென்டிமீட்டர் வித்தியாசம். இந்த வண்டியில் முன்னும் பின்னும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடுகிற டிஃபரன்ஷியல் நடுவில் கிடையாது. 4எச் போட்டால் முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் ஒரே வேகத்தில் சுற்றியாக வேண்டும். சின்ன டயர் ஒரு தூரம் போகும், பெரிய டயர் வேறு தூரம் போகும். சேற்றில் டயர் வழுக்கிச் சரிசெய்துகொள்ளும். தார்ரோட்டில் வழுக்காது, முறுக்கு முழுவதும் டிரான்ஸ்ஃபர் கேஸில் ஏறும். நாலும் ஒரே சைஸாக இருந்தாலும் கொண்டை ஊசி வளைவில் இதே கதைதான். மழை என்றாலும் நல்ல ரோட்டில் 2எச் போதும். இனி மாட்டிக்கொண்டால் லிவரை அடிக்காதே, நேராகக் கொஞ்சம் ரிவர்ஸ் போ, முறுக்கு விட்டதும் தானாக வரும்.

முன் கிரவுனில் புது ஆயில் ஊற்றிக் கொஞ்சம் ஓட்டு, வடித்துவிட்டு மறுபடி ஊற்று. இரண்டாவது முறையும் வெளுத்து வந்தால் சீல் மாற்று. மாதம் ஒருமுறை மண் ரோட்டில் 4எச் போட்டுக் கொஞ்ச தூரம் ஓட்டு, சும்மாவே கிடந்தாலும் கெடும்.

பூப்பாறை டிரைவர்:
அண்ணன் பிரேக்கை விட்டுவிட்டார். பிரேக் ஆயில் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுக்கும். பழைய ஆயிலோடு போடிமெட்டில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால், சூட்டில் அந்த ஈரம் ஆவியாகி, கீழே வருவதற்குள் பெடல் மெத்தென்று உள்ளே போய்விடும். ஆயிலை முழுசாக மாற்றுங்கள், ஏறின கியரிலேயே இறங்குங்கள். டீசல் ஃபில்டரில் தேங்கும் தண்ணீரையும் அவ்வப்போது திறந்து விடுங்கள்.

ஏலத்தோட்டம்:
சரி அண்ணே. டயர் நாலும் 235இலேயே போடப் போகிறேன். ஆயில், கிராஸ், பிரேக் வேலை முடிந்து மிச்சம் இருந்தால்தான் மற்றது. மச்சானிடம் பம்பர் கிடையாது என்று சொல்லியாயிற்று, இரண்டு நாளாகப் பேச்சு வார்த்தை இல்லை.