எக்ஸ்டீபக் வேலை செய்கிறது, சொந்த மாட்யூலில் மட்டும் பிரேக்பாயின்ட் நிற்கவில்லை

வணக்கம். டாக்கர் கன்டெய்னரில் ட்ரூப்பல் 10 (இணையதளம் கட்டும் சிஎம்எஸ்), பிஎச்பி 8.3, எக்ஸ்டீபக் 3 (பிஎச்பி கோடை நிறுத்தி நிறுத்திப் பார்க்கும் டீபக்கர்). எடிட்டர் விஎஸ் கோட். போர்ட் 9003 (பழைய 9000 அல்ல). லினக்ஸ் என்பதால் கம்போஸ் ஃபைலில் ஹோஸ்ட்-கேட்வே வரியும் (கன்டெய்னரிலிருந்து என் கணினியை எட்ட) இருக்கிறது. இணைப்பில் கோளாறு இல்லை. ட்ரூப்பலின் கோர் ஃபைல்களில் பிரேக்பாயின்ட் (ஓட்டம் நிற்க நான் குறிக்கும் வரி) ஒழுங்காக நிற்கிறது.

என் மாட்யூல் கம்போசரின் (பிஎச்பி பேக்கேஜ்களை நிறுவும் கருவி) பாத் ரெப்போசிட்டரி வழியாக, அதாவது லோக்கல் ஃபோல்டரிலிருந்து வருகிறது. ட்ரூப்பலின் கஸ்டம் மாட்யூல் ஃபோல்டரில் இருப்பது வெறும் சிம்லிங்க் (வேறு ஃபோல்டரைச் சுட்டும் இணைப்பு). நிஜ கோடு வெப்ரூட்டுக்கு வெளியே, பேக்கேஜஸ் ஃபோல்டரில். கன்ட்ரோலருக்குள் எக்ஸ்டீபக்_பிரேக்() எழுதினால் நிற்கிறது, ஆனால் கால் ஸ்டாக்கில் (ஃபங்ஷன் அழைப்பு வரிசை) தெரிவது பேக்கேஜஸ் பாதை. பிஎச்பி சிம்லிங்கை அவிழ்த்து நிஜப் பாதையைத்தான் வைத்துக்கொள்கிறது. எடிட்டரோ சிம்லிங்க் பாதையை அனுப்புகிறது. இரண்டும் பொருந்தாததால் எந்தப் பிழைச் செய்தியும் வராமல் தாண்டிப் போய்விடுகிறது.

பாத் மேப்பிங்கில் (கன்டெய்னர் பாதையை எடிட்டர் பாதையோடு பொருத்தும் பட்டியல்) பேக்கேஜஸையும் சேர்த்தபின், அங்கிருந்து திறந்த ஃபைலில் நிற்கிறது. கஸ்டம் ஃபோல்டர் வழியாகத் திறந்தால் பழைய கதைதான். பாத் ரெப்போசிட்டரியின் சிம்லிங்க் ஆப்ஷனை ஃபால்ஸ் என மாற்றினால் கம்போசர் நகல் எடுத்துவிடும், ஒவ்வொரு திருத்தத்துக்கும் மறுபடி இன்ஸ்டால் செய்ய வேண்டும், அது வேண்டாம்.

கேஷைச் சந்தேகிப்பவர்களுக்கு: ரெண்டர், பேஜ், டைனமிக் பேஜ் கேஷ் மூன்றுக்கும் நல் பேக்கெண்ட் (எதையும் சேமிக்காத கேஷ்) கொடுத்தாயிற்று. இல்லாவிட்டால் பிளாக்கின் பில்ட் மெத்தட் முதல் லோடில் மட்டும்தான் ஓடும்.

கேள்வி இதுதான்: சிம்லிங்கை வைத்துக்கொண்டே இரண்டு பாதையிலும் நிற்க வைக்க வழி உண்டா? அல்லது பேக்கேஜஸை டாக்கர் வால்யூமாக நேராக கஸ்டம் ஃபோல்டரில் மவுன்ட் செய்வதுதான் நல்லதா? அப்படிச் செய்பவர்கள் ஆட்டோலோடில் (கிளாஸ் ஃபைல்களைத் தானாக ஏற்றும் அமைப்பு) என்ன மாற்றினீர்கள்? உங்கள் விஎஸ் கோட் லான்ச் ஃபைலின் (டீபக் அமைப்புகள் உள்ள ஃபைல்) மேப்பிங் பகுதியைப் போட்டால் போதும்.